பெரும்பாறைக்காரர்களின் டிராக்கள்

இத்ரீஸால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவருக்கு இது நல்லதில்லை. மற்றக் கடைக்காரர்கள் ஸ்டூலில் சாய்ந்து காலை வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும்போது, இவர் வாசலுக்கும் நடைபாதைக்கும் இடையே போய் வந்துகொண்டிருப்பார். டூரிஸ்ட்டுகள் இவரை யாரையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.

"ஏங்க, யாவாரம் பாக்குறீங்களா, வாக்கிங் போறீங்களா?" என்று உள்ளேயிருந்து ஹாஃபிஸா கேட்பார். ஹாஃபிஸா அவர் மனைவி. அந்தக் கடையில் விற்பனை என்று ஒன்று நடப்பது அவரால்தான்.

இத்ரீஸ் மதுரையில் புள்ளியியல் படித்தவர். படிப்பு முடிந்த வருடம் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். இப்போது வயது நாற்பத்தொன்று. படித்தது மட்டும் உள்ளே எங்கோ ஓடிக்கொண்டே இருந்தது. மழை நாளில் குழந்தைக் குல்லா ஏன் கூடுதலாகப் போகிறது, நீல நிறம் ஏன் தேங்குகிறது என்று பில்லின் பின்பக்கம் கிறுக்கிப் பார்ப்பார். சதுரங்கப் போட்டிகளுக்கு நடுவராக இருப்பதற்கான தேர்வை எழுதித் தேறியதும் அந்த ஓட்டத்துக்கு ஒரு பாதை கிடைத்தது. ஆர்பிட்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆர்பிட்டருக்கு நாற்காலி உண்டு, ஆனால் வேலை நடப்பதில் இருக்கிறது. மேசைகளுக்கு நடுவே, ரப்பர் செருப்போடு, ஓசையே இல்லாமல் நடக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நான்கு வருடமாக மலையில் நடந்த போட்டிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஆர்பிட்டர்.

போன டிசம்பரில் ஒரு நாள் காசிநாதன் கடைக்கு வந்தார். ஏரிச் சாலைக்கு மேலே லாட்ஜ் வைத்திருப்பவர். போட்டிகள் நடப்பது அவருடைய லாட்ஜ் ஹாலில்தான். அவர் மகள் சுதாராணி பிளஸ் டூ படிக்கிறாள், நன்றாக விளையாடுவாள்.

"உக்காருங்க பாய். அண்ணாந்து பேசிக் கழுத்து வலிக்குது."

"நீங்க சொல்லுங்கண்ணே."

"மூணு தடவ. மூணு தடவயும் என் புள்ள அரைப் பாயின்ட்ல போச்சு. ஒவ்வொரு தடவயும் கடைசி ரவுண்டுல பெரும்பாறையான் ரெண்டு பேரு எதிரெதிரா உக்காருறான். பத்து நிமிசம் ஆகல, கையக் குடுத்துட்டு எந்திரிச்சுர்றான். டிரான்னு ரெண்டு பேருக்கும் ஆளுக்கு அர. என் புள்ள கீழ. இது பேசி வச்ச ஆட்டமா இல்லயா?"

"பேசி வச்சாங்கன்னு எப்படிண்ணே சொல்றது? டிரா எல்லாரும்தான் ஆகுறாங்க."

"நீங்க கணக்குப் படிச்சவருதான? இதுக்கு ஒரு கணக்கு இல்லயா?"

இருக்கிறது என்பதுதான் இத்ரீஸைத் தொந்தரவு செய்தது.

அன்று பிற்பகல் லேப்டாப்பைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றபடியே நான்கு வருட முடிவுகளைத் திறந்தார். அந்தப் போட்டிகளில் பொதுவாக எட்டு ஆட்டத்துக்கு ஒன்றுதான் டிரா ஆகும். ஆளுக்குக் கால் மணி நேரம் தருகிற துரித ஆட்டம், யாராவது ஒருவர் தவறு செய்தே தீருவார். கீழ்மலைத் தோட்ட ஊரான பெரும்பாறையின் கிளப்பில் ஐந்து பேர். அவர்கள் தங்களுக்குள் மோதியது இருபத்தாறு ஆட்டம். எட்டுக்கு ஒன்று என்றால் மூன்றோ நாலோ டிரா இருக்க வேண்டும். இருந்தது பதினாறு.

இது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று போட்டுப் பார்த்தார். கோடியில் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுபடி போட்டார். ஒரு மலையாளக் குடும்பம் வந்து மப்ளர் கேட்டது. ஹாஃபிஸா எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது முறையும் அதே எண்தான் வந்தது.

மாவட்ட சதுரங்கச் சங்கத்துக்குப் போனில் ஒரு மின்னஞ்சல் எழுதினார். அனுப்பவில்லை. ஆர்பிட்டர் எழுத்தில் கொடுத்தால் சங்கம் விசாரிக்காது, தண்டிக்கும். கிளப்புக்கே இரண்டு வருடத் தடை. பெரும்பாறைக்காரர்கள் ஆடக்கூடிய எல்லாப் போட்டிகளும் அந்தச் சங்கத்தின் கீழேதான் வருகின்றன. ஐந்து பேரும் காப்பித் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் கூலி வேலை செய்கிறவர்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் மறுபடி பலகையை விரிப்பார்கள் என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

"பொண்ணுக்கு மெசேஜ் போடப் பயந்த காலேஜ் பய மாதிரி அந்தப் போனயே பாத்துட்டு நிக்கிறீங்க," என்றார் ஹாஃபிஸா. "அனுப்புறதுன்னா அனுப்புங்க."

"தப்பா இருந்தா?"

"கோடில ஒண்ணுகூட இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

"தற்செயல் இல்லன்னு மட்டுந்தான் கணக்கு சொல்லுது. ஏன்னு சொல்லல."

"அப்ப அவங்ககிட்டயே ஏன்னு கேளுங்களேன்."

"திருடன்ட்ட போயி திருடுனியான்னு கேட்டா, ஆமான்னா சொல்லுவான்?"

"கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு அடுத்த போட்டி. அதில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மாவட்ட அணிக்குப் போவார்கள். அன்று கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புவது என்று இத்ரீஸ் முடிவு செய்திருந்தார். காசிநாதனிடமும் அதையே சொன்னார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பெரும்பாறை ஜீப் லாட்ஜ் வாசலில் வந்து நின்றது. பண்ணைக்காடு, பெருமாள்மலை என்று சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேர மலைப்பாதை. இறங்கியவர்களின் முடியெல்லாம் பனியில் நனைந்து நரைத்தது போல் இருந்தது. முதலில் மதன். அவன் பேசுவதே குறைவு, காயை நகர்த்திவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பான். அடுத்து தமிழ்மதி. இருபத்துமூன்று வயது. அவள் தாத்தா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பெரும்பாறை லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், குடியேறிய குடும்பம். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"என்ன சார், எங்களயே பாக்குறீங்க? பல்லு வெளக்கிட்டுத்தான் வந்திருக்கோம்," என்றாள் தமிழ்மதி.

இத்ரீஸ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மொத்தம் ஆறு சுற்று. காலையில் மூன்று. அதற்குப் பிறகு வழக்கம்போல் எல்லாம் தாமதமானது. லாட்ஜ் சாப்பாட்டு அறையில் முதலில் டூரிஸ்ட்டுகளுக்குப் பந்தி, அவர்கள் எழுந்த பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு இலை. ஒன்றரைக்குத் தொடங்க வேண்டிய நான்காவது சுற்று இரண்டு மணியைத் தாண்டியது. ஐந்தாவது முடிந்து, கடைசிச் சுற்றுக்கான ஜோடிகளை இத்ரீஸ் சுவரில் ஒட்டும்போது மணி மூன்றே முக்கால்.

முதல் போர்டு: மதன், தமிழ்மதி. இருவருக்கும் ஆளுக்கு நாலு புள்ளி. இரண்டாவது போர்டில் சுதாராணி, மூன்றரை.

தாளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மதனும் தமிழ்மதியும் டிரா செய்தால் இருவரும் நாலரை. சுதாராணி ஜெயித்து நாலரைக்கு வந்தாலும், மூவரும் சமம் என்றால் கடினமான எதிராளிகளோடு ஆடியவர்களுக்குத்தான் முன்னுரிமை. அது பெரும்பாறைக்காரர்களிடம் இருந்தது. அந்த இருவரில் ஒருவர் தோற்றால் மட்டுமே அவளுக்கு வழி.

காசிநாதன் சுவரோரம் வந்து நின்றார். கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. இத்ரீஸ் நடந்தார். முதல் போர்டை நேராகப் பார்க்கக் கூடாது என்று மற்ற மேசைகளைச் சுற்றினார். எந்த மேசையைச் சுற்றினாலும் கால் முதல் போர்டுக்குப் பக்கத்தில் வந்துதான் நின்றது. ஆறு, ஏழு நகர்த்தல்கள் ஆகியிருந்தன. அப்போது ஹாலின் மேற்குச் சன்னல் திரையில் மஞ்சள் வெளிச்சம் விழுந்து அணைந்தது. மறுபடி விழுந்து அணைந்தது.

மதன் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான். தமிழ்மதியும் பார்த்தாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிக்னல். வெளியே ஆள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளாக இந்தத் திரையில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது? பலமுறை கண்ணில் பட்டிருக்கிறது, சாலையில் போகிற வண்டி என்று விட்டிருக்கிறார். இத்ரீஸ் கிட்டத்தட்ட ஓடினார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, ஈரப்படிகளில் இறங்கி, சன்னலுக்கு நேர் கீழே போனார்.

ஜீப்தான் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் குமாரவேல். காதுவரை மப்ளர் சுற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் சுவிட்சில் கை வைத்திருந்தார்.

"எதுக்கு லைட்டப் போட்டு அணைக்கிறீங்க?" இத்ரீஸின் குரல் அவருக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"ஆரன் அடிக்கக் கூடாதுல்ல பாய். உள்ள ஆட்டம் நடக்குது. நீங்கதான ஒரு தடவ சத்தம் போட்டீங்க?"

"எதுக்குக் கூப்புடுறீங்கன்னு கேக்குறேன்."

"நேரமாச்சுன்னுதான். நாலேகாலுக்கு எடுத்தாத்தான் இருட்டுக்கு முன்னாடி தாண்டிக்குடி தாண்ட முடியும். அங்கிட்டு வளைவுல காட்டுமாடு வந்து நிக்கும் பாய். போன மாசம் ஒண்ணு பானட்டுலயே மோந்து பாத்துச்சு. மூடம் எறங்கிருச்சுன்னா ரோடே தெரியாது. உசுர வச்சு வெளாட முடியுமா?"

"எல்லாப் போட்டிக்கும் இப்படித்தானா?"

"நாலு வருசமா நாந்தான ஓட்டுறேன். பசங்க பாவம், கடைசி ஆட்டத்த வெரசா முடிச்சுட்டு ஓடி வந்துருவாங்க. அவங்களுக்குள்ளயே உக்காந்துட்டா சோலி சுளுவு, கையக் குடுத்துட்டு வந்துரலாம். வெளியாளு கூடன்னா கொஞ்சம் இழுக்கும், தோத்துட்டாவது வருவாங்க." குமாரவேல் பின்பக்கம் தலையை ஆட்டினார். "லேட்டா வர்றவனுக்கு டிக்கிலதான் சீட்டு. கேஸ் சிலிண்டரக் கட்டிப் புடிச்சுட்டு வரணும். மதன் ரெண்டு தடவ அப்பிடி வந்து வாந்தி எடுத்துட்டான்."

இத்ரீஸ் ஜீப்பின் மேல் கையை வைத்தார். இன்ஜின் சூடு உள்ளங்கையில் ஏறியது. தோத்துட்டாவது வருவாங்க. அதை அவர் கணக்கில் எங்கேயும் தேடியிருக்கவில்லை.

படியேறித் திரும்பியபோது மதனின் கை மேசைக்கு மேல் பாதி நீண்டிருந்தது. இத்ரீஸ் அவர்கள் மேசையிலிருந்த ஆட்டக் கிளாக்கை நிறுத்தினார். ஆர்பிட்டர் நடுவில் கிளாக்கை நிறுத்தினால் ஹாலே திரும்பிப் பார்க்கும். பார்த்தது.

"வண்டி போகட்டும்," என்றார் தணிந்த குரலில். "முடிச்சவங்க ஏறிப் போகட்டும். நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்ல தங்கிக்கங்க. ஹாஃபிஸா இருக்கா. காலைல மொத பஸ்ல ஏத்தி விடுறேன்."

மதன் கூரையைப் பார்த்தான்.

"காலைல பெரட்டுக்கு நிக்கணும் சார்," என்றாள் தமிழ்மதி. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதை அவள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சிலோனிலிருந்து கூடவே வந்த சொல்.

"ஒரு நாளு?"

"குமாரவேல் அண்ணன்ட்ட சொல்லி விட்டா அம்மா பேசிக்குவாங்க. அது பரவால்ல." அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "டிரா போடக் கூடாதுன்னு சொல்றீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லக் கூடாதும்மா. டிரா வேணும்னா டிரா. வண்டிக்காக வேணாம்."

அவர் கிளாக்கை ஓடவிட்டார். கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. வளைவில் ஒருமுறை, அதற்குக் கீழே ஒருமுறை, பிறகு இல்லை.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது வேறு ஆட்டம். மதன் கூரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பலகையை மட்டுமே பார்த்தான். தமிழ்மதி ஒரு குதிரையைக் கொண்டு போய் அவன் ராஜாவின் வீட்டு வாசலில் நிறுத்தினாள். மதன் மூன்று நிமிடம் யோசித்தான். ராணிகள் போயின. காய்கள் குறையக் குறைய அவளுக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்பது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துப் போர்டில் சுதாராணி ஜெயித்துவிட்டு, எழுந்து போகாமல், கையைப் பிசைந்துகொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மதன் டிரா கேட்டான். இந்த முறை வாய்விட்டுக் கேட்டான்.

தமிழ்மதி இத்ரீஸைப் பார்க்கவில்லை, சன்னலையும் பார்க்கவில்லை. "ஆடுவோம்டா," என்றாள்.

வண்டி போய்விட்டது, ஆனால் அவள் கையிலிருந்த அவசரம் போகவில்லை. நான்கு வருடக் கடைசிச் சுற்றுகள் அந்த விரல்களில் இருந்தன. கிளாக்கில் ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது, யானையை எடுத்து மூன்றே நொடியில் வைத்தாள். வைத்த இடம் தப்பு. வைத்த உடனே அவளுக்கும் தெரிந்தது. மதனுக்கும் தெரிந்தது. அவன் ரொம்ப நேரம் அந்த யானையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். "எடுடா," என்று அவளே சொன்னாள்.

மதனுக்கு ஐந்து. சுதாராணிக்கு நாலரை. தமிழ்மதி நாலோடு நின்றாள்.

முடிவுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இத்ரீஸ் திரும்பியபோது காசிநாதன் பின்னால் நின்றிருந்தார். மகளுக்கு இடம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் இல்லை.

"பாத்தீங்களா பாய்? ஒழுங்கா ஆட வச்சா ஒருத்தன் ஜெயிக்கிறான், ஒருத்தி தோக்குறா. அப்ப இத்தன நாளு நடந்தது என்ன? இப்பவாவது ரிப்போர்ட்ட அனுப்புங்க."

"அவங்க வண்டிக்கு நேரமாகுதுன்னு முடிச்சிருக்காங்கண்ணே."

"வண்டி. செரி. வெள்ளனே வந்த ரவுண்டுல டிரா போட்டானா? கடைசி ரவுண்டுலதான போடுறான்? பரிசு கடைசி ரவுண்டுலதான இருக்கு? திருடன் எப்பத் திருடுவான், பூட்டு தொறந்து கெடக்கும்போதுதான?" குரல் ஏறியது. "அதோட, நீங்க ஆர்பிட்டரு. ஆடுறவங்கள நடு ஆட்டத்துல நிறுத்தி எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்புடுறீங்க. அதுக்கு எந்த ரூல்ல எடம் இருக்கு?"

எந்த விதியிலும் இடமில்லைதான்.

"கடைசி ரவுண்டு மூணே முக்காலுக்குப் போனதே உங்க பந்தியாலதான்ணே," என்றார் இத்ரீஸ். "டூரிஸ்ட்டுக்குப் போட்டுட்டுத்தான இவங்களுக்குப் போடுறீங்க?"

"ஓஹோ. இப்ப நான் கள்ளனாக்கும்?"

மதனும் தமிழ்மதியும் கதவோரம் பையோடு நின்றிருந்தார்கள். எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருந்தது.

வீட்டில் ஹாஃபிஸா சூடாகத் தோசை வார்த்துப் போட்டார். மதன் இரண்டாவது தோசையைப் பிய்த்துப் பிய்த்து, வாயில் வைக்காமல் இருந்தான்.

"ஜெயிச்சவன் திங்க மாட்டேங்கிறான். தோத்தவ நான் நாலு தின்னுட்டேன்," என்றாள் தமிழ்மதி. "எங்க லயத்துல இதச் சொன்னா ஒரு வருசத்துக்குச் சிரிப்பாங்க." யாரும் சிரிக்கவில்லை. அவள் தட்டை நகர்த்தினாள். "சார், எங்களச் சந்தேகப்பட்டீங்களா?"

"ஆமா."

"எங்ககிட்டக் கேட்டிருக்கலாமே."

"அதத்தான் நானும் சொன்னேன்," என்று அடுப்படியிலிருந்து ஹாஃபிஸா குரல் கொடுத்தார்.

இத்ரீஸ் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தார். தமிழ்மதி அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "ஆனா பேசி வச்சது உண்மதான் சார். காலைல வரும்போதே ஜீப்புல பேசிருவோம். கடைசி ரவுண்டுல நமக்குள்ள யாரு வந்தாலும் டிரா. யாரையும் காக்க வைக்கக் கூடாதுன்னு. இதுல வேற ஒரு ஆளுக்கு எடம் போகுதுன்னு சத்தியமா யோசிச்சதில்ல. இன்னைக்கு அந்தப் புள்ள கையப் பெசஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பத்தான் பாத்தேன்."

"தமிழு, சும்மா இரு," என்றான் மதன். வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்னத்த சும்மா இரு? எழுதுறதுன்னா முழுசா எழுதட்டும்."

இத்ரீஸ் லேப்டாப்பைத் திறந்தார். காசிநாதன் சொன்னதையும் குமாரவேல் சொன்னதையும் எதிரெதிரே வைத்துக் கணக்கைப் பிரித்தார். பெரும்பாறைக்குள் நடந்த இருபத்தாறில், முந்தைய சுற்றுகளில் பதினொன்று. அதில் டிரா இரண்டு, எல்லோரையும் போலத்தான். கடைசிச் சுற்றில் பதினைந்து. அதில் டிரா பதினாலு. இது காசிநாதனுக்கும் பொருந்தியது, ஜீப்புக்கும் பொருந்தியது. அடுத்து, இதுவரை பார்க்காததைப் பார்த்தார். கடைசிச் சுற்றில் வெளியாட்களோடு பெரும்பாறைக்காரர்கள் ஆடியவை. அவர்களுடைய தரத்துக்கு இருபத்துநாலு புள்ளி எடுத்திருக்க வேண்டும். எடுத்தது பதினைந்து. இடத்துக்காகக் கூட்டுச் சேர்ந்தவர்கள், அதே நாளில், அதே மணியில், வெளியாளிடம் இப்படியா அள்ளிக் கொடுப்பார்கள்?

டிரா ஆகாத அந்த ஒன்று மிச்சமிருந்தது. எங்கே நடந்தது என்று தேடினார். அய்யம்பாளையம். ஒரே ஒருமுறை கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டி. அங்கிருந்து பெரும்பாறை ஏறுவது கொஞ்ச தூரம்தான், வண்டிக்கு அவசரம் இல்லை. அங்கே மதன் இன்னொரு பெரும்பாறைக்காரனை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து தோற்கடித்திருந்தான்.

ஒன்றே ஒன்று. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். இத்ரீஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விதியில் காரணம் கேட்கிற இடமே இல்லை. பேசி வைத்தார்களா, ஆம். அதோடு விதி முடிந்துவிடுகிறது. காட்டுமாடு, மூடுபனி, டிக்கி சீட்டு எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன.

காலையில் பேருந்து நிலையத்தில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. மதன் சன்னலோரம் ஏறி உட்கார்ந்துவிட்டான். தமிழ்மதி படியில் நின்றாள்.

"எங்க பேரு இருக்கா சார்?"

"இருக்கு. பேசி வச்சுத்தான் டிரா போட்டாங்கன்னு எழுதியிருக்கேன்."

அவள் முகம் அசையவில்லை.

"ஏன்னும் எழுதியிருக்கேன். தோத்துத் தோத்துப் போன கணக்கையும் போட்டிருக்கேன். வண்டி எப்பப் போகும்னு ஒரு தடவகூடக் கேக்காம நாலு வருசமா நேரம் வச்சது நான்தான்னும் எழுதியிருக்கேன். தண்டனைன்னா மொதல்ல என் பேரப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"அனுப்பிட்டீங்களா?"

அவர் போனை எடுத்து, அவள் பார்க்கவே, அனுப்பினார். பஸ் நகர்ந்தது. அது போன பிறகும் அவர் டீக்கடைக்கும் மூணாம் நம்பர் பிளாட்பாரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

சங்கத்தின் முடிவு பிப்ரவரியில் வந்தது. பெரும்பாறைக் கிளப்புக்குத் தடை இல்லை, எச்சரிக்கை. ஒரு வருடத்துக்குள் கடைசிச் சுற்றில் அவர்களுக்குள் டிரா வந்தால், அது ஒழுங்காக ஆடிய ஆட்டம்தான் என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் தடை. நடு ஆட்டத்தில் கிளாக்கை நிறுத்தி ஆட்டக்காரர்களிடம் பேசியதற்காக இத்ரீஸுக்கு ஆறு மாதம் ஆர்பிட்டர் வேலை இல்லை. காசிநாதன் ஹாலைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

ஏப்ரல் போட்டி அய்யம்பாளையம் மண்டபத்தில் நடந்தது. இத்ரீஸ் பார்வையாளராக இறங்கிப் போனார். வெயில் அவருக்குப் பழக்கமில்லை, சட்டை முதுகில் ஒட்டியது. மகளைக் கூட்டிக்கொண்டு காசிநாதனும் வந்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசிச் சுற்றில் மதனும் தமிழ்மதியும் மறுபடி எதிரெதிரே வந்தார்கள். மற்ற போர்டுகள் எல்லாம் காலியான பிறகும் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கிளாக் சில நொடிகளைக் கொடுக்க, அதிலேயே இருவரும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காய்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நின்றார்கள். அதற்கு மேல் யாராலும் யாரையும் ஜெயிக்க முடியாது.

டிரா.

புது ஆர்பிட்டர் திண்டுக்கல்லிலிருந்து வந்த இளைஞர். கையிலிருந்த சங்க உத்தரவுத் தாளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இத மொதல்லேருந்து யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் பாத்தேன்," என்றார் இத்ரீஸ்.

"நீங்க சொன்னா செல்லாது சார். உங்க பேரே அந்த ஆர்டர்ல இருக்கு."

தமிழ்மதி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. இத்ரீஸ் நடக்கத் தொடங்கினார், சுவர்வரை போய்த் திரும்பினார். அவர் போட்ட கணக்கின் எண்களில் இந்த டிராவுக்கும் பழைய டிராக்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. எழுதினால் அரை, அரை.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் பாத்தேன்," என்றார் காசிநாதன். எல்லோரும் திரும்பியதில் அவருக்கு எரிச்சல் வந்தது. "ஏன், பாக்கக் கூடாதா? என் புள்ள ஆட்டம் முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு. எந்திரிச்சுப் போலாம்னா போக முடியல. ஒழுங்காத்தான் ஆடுனாங்க. எழுதிக்கங்க."

அந்த இளைஞர் எழுதிக்கொண்டார். காசிநாதன் இத்ரீஸைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். போனார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.